கருப்பு ஆடுகள் என்னும் சாக்கு

எந்த நிறுவனத்தில் முறைகேடு வெளிப்பட்டாலும் மறுநாள் வரும் அறிக்கை அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒரு சில கருப்பு ஆடுகள் செய்த காரியம், அவர்களைக் களையெடுத்துவிட்டோம், மற்றபடி எங்கள் நிறுவனம் நேர்மையானது. காவல் துறை, வங்கி, மருத்துவமனை என்று எதுவானாலும் இதே பல்லவி. கேட்பவர்களும் அதை நம்பிவிடுகிறார்கள். நல்லவன் எங்கே போனாலும் நல்லவனாகத்தான் இருப்பான், கெட்டவன் எங்கே வைத்தாலும் கெடுப்பான் என்று சொல்லிச் சொல்லியே நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். ஆள் சரியாக இருந்தால் அலுவலகம் சரியாக இருக்கும் என்ற இந்த நம்பிக்கை பொய். தப்பு எங்கே விளைகிறதோ அந்த இடத்தைப் பார்க்கவிடாமல் நம் கண்ணை மறைக்கிற பொய்.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்ததைப் பாருங்கள். வாடிக்கையாளர்களைக் கேட்காமலே சுமார் 15 லட்சம் சேமிப்பு, நடப்புக் கணக்குகளும் 5 லட்சத்து 65 ஆயிரம் கிரெடிட் கார்டுகளும் அவர்கள் பெயரில் உருவாக்கப்பட்டிருக்கலாம் என்று 2016 செப்டம்பரில் தெரியவந்தது. 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. அடுத்த ஆண்டு மறுபடி கணக்கெடுத்தபோது அந்த எண்ணிக்கை 35 லட்சம் வரை போனது. ஐந்து ஆண்டுகளில் சுமார் 5,300 பேரை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள். தவறான காரியம் செய்வதற்கு வங்கி யாருக்கும் ஊக்கம் கொடுக்கவில்லை, மிகப் பெரும்பாலான ஊழியர்கள் சரியாகத்தான் வேலை பார்த்தார்கள் என்பதே தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ஃபின் வாதமாக இருந்தது.

ஒரே வங்கியில், பல மாநிலங்களில், ஒருவரை ஒருவர் பார்த்தே இராத 5,300 பேர் ஒரே விதமான மோசடியைச் செய்திருக்கிறார்கள். இத்தனை பேரும் பிறவியிலேயே ஏமாற்றுக்காரர்கள், எப்படியோ ஒரே வங்கியில் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று யாராவது நம்ப முடியுமா?

அந்தக் கிளைகளுக்குள் நடந்தது இதுதான். ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கும் எட்டுத் திட்டங்களாவது விற்க வேண்டும் என்பது தலைமையின் இலக்கு. அது மாவட்டமாக, கிளையாக, ஆளாகப் பிரிந்து, கவுண்டரில் இருப்பவரின் அன்றைய டார்கெட்டாக வந்து இறங்கும். இத்தனை மணிக்கு எத்தனை ஆயிற்று என்று மேலிருந்து ஒரே நாளில் பலமுறை கேட்பார்கள். ஜனவரி மாதத்தில் தனி இயக்கமே நடத்தி டார்கெட்டை இன்னும் ஏற்றுவார்கள். எட்டாதவர் எல்லார் முன்னாலும் திட்டு வாங்குவார், வேலை போய்விடும் என்ற மிரட்டலோடு வீட்டுக்குப் போவார்.

முதலில் தாய், தகப்பன், மைத்துனன் பெயரில் கணக்குத் திறந்தார்கள். சொந்தம் தீர்ந்ததும் முன்பின் தெரியாத வாடிக்கையாளர் பெயரில் திறந்தார்கள். மின்னஞ்சல் முகவரி கேட்கும் கட்டத்தில் பெயரில்லாதவர் என்ற பொருள்பட ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டார்கள். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் அவர் கார்டுக்குத் தாங்களே பின் நம்பர் போட்டார்கள். புதுக் கணக்கில் பணம் இருப்பதாகக் காட்ட, பழைய கணக்கிலிருந்து கொஞ்சம் எடுத்து இதில் போட்டார்கள். பழைய கணக்கில் இருப்பு குறைந்ததற்கு அந்த அப்பாவி மனிதரிடமே கட்டணம் பிடிக்கப்பட்டது. கவுண்டரில் உட்கார்ந்து இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் மணிக்கணக்குச் சம்பளக்காரர்கள். பங்கு விலை ஏறியதில் கொழுத்தவர்கள் அவர்களல்ல.

விஷயம் மேலே எட்டவில்லை என்று சொல்லவும் வழியில்லை. இலக்கைக் குறைக்கலாம், எடுத்தேவிடலாம் என்று வங்கியின் உள்விசாரணைப் பிரிவே 2004-ல் எழுதிக் கொடுத்திருந்தது. 2013 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் விரிவாக வெளியிட்டது. வங்கி செய்ததெல்லாம் ஆட்களை நீக்கியதுதான். அதிலும் சந்தேகத்துக்குரிய நடவடிக்கைகளில் உச்சத்தில் இருந்த 0.01 சதவீதம் பேரை, பிறகு 0.05 சதவீதம் பேரை மட்டுமே தேடிப் பிடித்தார்கள் என்கிறது வங்கிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பின் குற்றப்பத்திரிகை. அவர்கள் போன நாற்காலியில் புதியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். டார்கெட் அப்படியே இருந்தது, மோசடியும் அப்படியே தொடர்ந்தது. ஆளைக் களையெடுத்தால் போதும் என்ற கொள்கையை ஐந்து ஆண்டுகள் இவ்வளவு பெரிய அளவில் நடத்திப் பார்த்தும் அது தோற்றிருக்கிறது. வேறென்ன சான்று வேண்டும்?

மனிதர் குணத்தைச் சூழல் எவ்வளவு தூரம் அசைக்கும் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்லத் தோன்றுகிறது. ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973-ல் வெளியிட்டது. பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் மாணவர்கள் 40 பேர். அடுத்த கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை ஆற்ற வேண்டும் என்று அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் வாசற்படியில் சுருண்டு கிடந்து இருமி முனகினார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று துரத்தப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் நின்றார்கள். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது குறிப்பிடும்படி எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. ஊழியத்துக்கென்று தங்களை ஒப்புக்கொடுத்தவர்களையே ஓர் அவசரம் இப்படி மாற்றுமென்றால், வீட்டுக் கடனும் பிள்ளை படிப்பும் கழுத்தை நெரிக்கிற ஊழியரை டார்கெட் என்ன பாடு படுத்தும்!

நிறுவன நடத்தையியல் படிக்கிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித் தருகிற பாடம் இது. ஒருவர் நடந்துகொள்ளும் விதம் அவரையும் அவர் சூழலையும் சேர்த்தே அமைகிறது என்று கர்ட் லெவின் 1930-களிலேயே சொன்னார். ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுக்கும் மடமையைப் பற்றி 1975-ல் ஸ்டீவன் கெர் எழுதிய கட்டுரை உலகெங்கும் மேலாண்மை வகுப்புகளில் படிக்கப்படுகிறது. அதே வகுப்புகளில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நிர்வாகத்தில் உட்கார்ந்ததும் கருப்பு ஆடுகளைத் தேடுவது எனக்குப் பெரும் வேதனை.

அப்படியானால் தப்பு செய்தவனுக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. பொய்க் கையெழுத்துப் போட்ட கை அவருடையதுதான், அதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதே வங்கியில் கையெழுத்துப் போட மறுத்தவர்களும் இருந்தார்கள். மோசடியைப் புகார் செய்தபின் 2010-ல் வேலை இழந்த மேலாளர் ஒருவரைத் திரும்பச் சேர்த்து 54 லட்சம் டாலர் கொடுக்கும்படி அமெரிக்கத் தொழிலாளர் துறை 2017-ல் உத்தரவிட வேண்டியிருந்தது. புகார் எண்ணைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, அழைத்தவரை வெளியே அனுப்பினால் மற்றவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? நேர்மையானவர்களை வேலைக்கு எடுப்பது எளிது. அவர்கள் நேர்மையாகவே இருந்து சம்பளமும் வாங்க வழி செய்வதுதான் நிர்வாகத்தின் கடமை. அந்தக் கடமையில் தவறியவர்களின் பொறுப்பைத்தான் கருப்பு ஆட்டின் முதுகில் ஏற்றிவிடுகிறார்கள்.

நம் ஊரிலும் வைப்புத்தொகை போட வங்கிக்குப் போன பெரியவர் காப்பீட்டுப் பாலிசியோடு வீடு திரும்பும் கதை புதிதல்ல. கேள்விப்பட்டதும் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணையோ பையனையோ திட்டுகிறோம். அந்த மாதம் அந்தப் பிள்ளைக்கு எத்தனை பாலிசி டார்கெட், யார் போட்டது, அது முடியாவிட்டால் ரிவியூ மீட்டிங்கில் என்ன நடக்கும் என்று கேட்பதில்லை.

வெல்ஸ் ஃபார்கோ 2016 அக்டோபரில்தான் அந்த விற்பனை இலக்குகளைக் கைவிட்டது. ஸ்டம்ஃப் அதே மாதம் பதவி விலகினார். 2020-ல் அவருக்கு 1.75 கோடி டாலர் அபராதமும் வங்கித் தொழிலில் ஈடுபட வாழ்நாள் தடையும் விதிக்கப்பட்டன. அதற்கு நெடுங்காலம் முன்பே கீழே 5,300 பேர் வேலையிழந்திருந்தார்கள்.

உங்கள் அலுவலகத்தில் அடுத்த முறை ஒருவரை முறைகேட்டுக்காக நீக்கும்போது அவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அவருக்குக் கொடுத்த இலக்கு என்ன, அதை நேர் வழியில் எட்ட முடியுமா, முன்பே யாராவது சொன்னார்களா, சொன்னவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.