ஷெரிஃப் தேர்தல்: சிறைச்சாவியை யாரிடம் ஒப்படைக்கிறோம்?

அமெரிக்காவில் 2026 நவம்பர் 3 அன்று நடைபெறும் இடைக்காலத் தேர்தலைப் பற்றிய விவாதங்கள் அனைத்தும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளை யார் கைப்பற்றுவார் என்பதையே சுற்றி வருகின்றன. அதே வாக்குச்சீட்டின் கீழ்ப்பகுதியில், பல கவுன்ட்டிகளில், ஷெரிஃப் என்னும் பதவியும் இடம்பெறும். அமெரிக்கக் குடியுரிமை பெற்று அங்கு வாக்களிக்கும் நம் தோழர்கள் அந்தப் பகுதியைக் கடந்துவிடக் கூடாது என்பதே நம் வேண்டுகோள்.

சென்னையில் ஒரு காலத்தில் இருந்த ஷெரிஃப் பதவி வெறும் அலங்காரம். அமெரிக்க ஷெரிஃப் அப்படியல்லர். 46 மாநிலங்களில் ஷெரிஃப்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பெரும்பாலும் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். நகரக் காவல்துறையின் எல்லைக்கு வெளியே உள்ள பகுதிகளின் காவல், நீதிமன்றப் பாதுகாப்பு, வீட்டைக் காலி செய்விக்கும் ஆணைகளின் நிறைவேற்றம் ஆகியவை பொதுவாக இவர் பொறுப்பு. அனைத்துக்கும் மேலாக, கவுன்ட்டிச் சிறை பெரும்பாலான இடங்களில் இவர் கையில் இருக்கிறது. அமெரிக்காவின் உள்ளூர்ச் சிறைகளில் அடைபட்டிருப்போரில் ஏறத்தாழ மூன்றில் இருவர் இன்னும் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்படாதவர்கள். பிணைத்தொகை கட்ட வழியற்ற ஏழைகள் அவர்களுள் பலர்.

இந்தியாவில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை அரசு நியமிக்கிறது. இடமாற்றமும் பணியிடைநீக்கமும் செய்யலாம். ஷெரிஃபுக்கு அவ்வாறான மேலதிகாரி இல்லை. கவுன்ட்டி நிர்வாகக் குழு நிதி ஒதுக்கலாம். பெரும்பாலான இடங்களில் அவரை நீக்க அதற்கு அதிகாரமில்லை. கலிபோர்னியாவின் சான் மாட்டியோ கவுன்ட்டியில், ஷெரிஃபை நீக்கும் அதிகாரத்தை நிர்வாகக் குழுவுக்குத் தருவதற்கே 2025 மார்ச்சில் தனி வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. ஆகவே, வழக்கமான ஆண்டுகளில் ஷெரிஃபின் ஒரே மேலதிகாரி வாக்காளரே.

இந்த அதிகாரம் யாருடைய வாக்கில் பிறக்கிறது என்பதை அலபாமா கற்பிக்கிறது. 1965 தொடக்கத்தில், செல்மா நகரம் அமைந்த டல்லஸ் கவுன்ட்டியில், வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்கள் சுமார் 15,000 பேர். வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றவர்களோ சில நூறு பேர் மட்டுமே. பெயர் பதியச் சென்றவர்களைத் தடியால் அடித்து விரட்டிய ஷெரிஃப் ஜிம் கிளார்க்கும் முறைப்படி தேர்தலில் வென்றவரே. அவ்வாண்டு மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் பேரணியினரைத் தாக்கியதில் மாநிலக் காவலர்களுடன் அவருடைய ஆட்களும் இருந்தனர். ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டே கறுப்பின மக்களின் வாக்குகளால் கிளார்க் தோற்றார். அதே 1966இல் மேக்கன் கவுன்ட்டியில் லூசியஸ் அமர்சன் என்னும் கறுப்பினத்தவர் ஷெரிஃபாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தேர்தல் என்ற ஒன்று இருப்பதாலேயே நீதி வந்துவிடாது என்பது மேலவளவை அறிந்த நமக்குப் புதிதன்று. ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்காகவே முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். பெரும்பான்மை பிறப்பால் அமையும் ஊரில் வாக்குப்பெட்டியும் அதன் கருவியாகலாம். செல்மாவில் நிலைமையை மாற்றியவை இரண்டு: வெளியிலிருந்து வந்த கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பும், உள்ளே திரண்ட ஒடுக்கப்பட்டோரின் வாக்கும்.

இன்றைய வாக்காளர் வேட்பாளரிடம் சில கேள்விகளையேனும் கேட்க வேண்டும்.

முதலாவது, சிறை. அங்கு நிகழ்ந்த மரணங்கள் எத்தனை, அவற்றை விசாரித்தது யார், மருத்துவமும் உணவும் யார் பொறுப்பில் உள்ளன? அலபாமாவின் மார்கன் கவுன்ட்டியில், கைதிகளின் உணவுக்கான அரசுப் பணத்தில் மிச்சமான 2,12,000 டாலரை ஷெரிஃப் மூன்று ஆண்டுகளில் சொந்தமாக்கிக்கொண்டார். அதற்கு இடமளித்த பழைய சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. 2009இல் கூட்டாட்சி நீதிபதி அவரையே சிறைக்கு அனுப்பினார்.

இரண்டாவது, குடியேற்றம். 287(ஜி) எனப்படும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஷெரிஃபின் காவலர்கள், கூட்டாட்சிக் குடியேற்ற அதிகாரிகளின் பணிகளில் சிலவற்றைச் செய்யும் உரிமை பெறுகின்றனர். விசாவிலோ புகலிடக் கோரிக்கையிலோ வாழும் வாக்கற்ற உறவினர்களின் வாழ்வு இக்கையெழுத்தில் தொங்குகிறது. அரிசோனாவின் மாரிகோபா கவுன்ட்டியில் ஷெரிஃப் ஜோ ஆர்பாயோவின் துறை லத்தீன் மக்களை இனத்தை வைத்து நிறுத்திச் சோதித்தது சட்டவிரோதம் என 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது 2016 தேர்தலே.

மூன்றாவது, பணம். சிஸ்கோ நிறுவனத்தின் மீதான சாதிப் பாகுபாட்டு வழக்கால் நம் வாசகர்கள் அறிந்த சாண்டா கிளாரா கவுன்ட்டியில், லாரி ஸ்மித் 20 ஆண்டுகளுக்கும் மேல் ஷெரிஃபாக இருந்தார். துப்பாக்கி உரிமம் வழங்குவதில் தேர்தல் நன்கொடையாளர்களுக்குச் சலுகை காட்டியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்பட்டதாக 2022 நவம்பரில் நடுவர் குழு முடிவு செய்தது. நன்கொடையாளர் பட்டியல் பொது ஆவணம். அதைப் படிக்க வேண்டும்.

நான்காவது, சட்டத்தின் மேலாண்மை. தமக்கு அரசமைப்புக்கு முரணாகத் தோன்றும் கூட்டாட்சிச் சட்டங்களைத் தம் கவுன்ட்டியில் செயல்படுத்த மறுக்கலாம் என்று கூறும் ஷெரிஃப்கள் ஓர் இயக்கமாகவே இயங்குகின்றனர். கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டத்தின் துணையால் செல்மா மக்கள் பெற்ற பாதுகாப்பை எண்ணிப் பார்த்தால், இக்கொள்கை யாருக்கு எதிராகத் திரும்பும் என்பது விளங்கும்.

வன்கொடுமை வழக்குகளை நடத்தும் வழக்குரைஞர்களாக நாம் நாள்தோறும் காண்பது இதுதான்: சட்டம் எவ்வளவு வலுவானதாயினும், அதை முதலில் கையில் எடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தே பாதிக்கப்பட்டவருக்கு அது பயன்படுகிறது. அந்த முதல் மனிதரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இங்கு நமக்கு இல்லை. அமெரிக்காவில் வாழும் நம் தோழர்களுக்கு அது இருக்கிறது. பல கவுன்ட்டிகளில் ஷெரிஃப்கள் எதிர்ப்பாளரே இன்றி வெல்கின்றனர். பெயரைப் பதிவு செய்யுங்கள். வேட்பாளர் கூட்டங்களுக்குச் செல்லுங்கள். சிறையைப் பற்றிக் கேளுங்கள். வாக்குச்சீட்டைக் கடைசி வரி வரை நிரப்புங்கள்.