இருவர் உழைப்பு, ஒருவர் பெயர்



நம் தமிழ்ப்பள்ளிகளில் பேச்சுப்போட்டி வந்துவிட்டால், ‘தமிழுக்குத் தொண்டாற்றிய மேலைநாட்டார்’ என்னும் தலைப்பும் தப்பாமல் வந்துவிடுகின்றது. மேடையேறும் மாணவர் வீரமாமுனிவரில் தொடங்கி, போப்பையரைத் தொட்டு, கால்டுவெல்லில் வந்து நிற்பார். ஆண்டுகளும் நூற்பெயர்களும் மடமடவென்று வந்து விழும். அவையோர் கைதட்டுவர். நடுவர்கள் புள்ளி போடுவர். மேடையில் நிற்பவர் பெரும்பாலும் மாணவியராகவே இருக்கின்றனர். ஆனால், அவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்த பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இருப்பதில்லை. இதைப் பற்றி நாம் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

‘பெண்கள் எவரும் அந்தக் காலத்தில் தமிழ்ப்பணி செய்யவில்லையே, என்ன செய்வது?’ என்று கேட்பவர்களுக்காகத்தான் இதனை எழுதுகின்றேன்.

கால்டுவெல்லையே எடுத்துக்கொள்வோம். இராபர்ட்டு கால்டுவெல் 1814இல் அயர்லாந்தில் பிறந்தவர். 1838இல் சென்னைக்கு வந்தார். 1841இல் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், செம்மணல் தேரியும் பனையும் சூழ்ந்த இடையன்குடிக்குப் போய்ச் சேர்ந்தார். இவ்வளவும் நம் மாணவர்களுக்குத் தெரியும். 1844இல் அவர் மணந்துகொண்ட எலைசாவைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

எலைசா, நாகர்கோவிலில் 1819 முதல் பணியாற்றிய சார்லசு மால்ட்டு, மார்த்தா மால்ட்டு இணையரின் மகள். கால்டுவெல் வளர்ந்த பின் ஏட்டைப் புரட்டித் தமிழ் கற்றார். எலைசாவோ தமிழ் பேசும் மண்ணிலேயே வளர்ந்தவர். ஊர்ப் பெண்களோடு அவர்கள் பேச்சிலேயே பேசக்கூடியவர். தாயார் மார்த்தா நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி நடத்தினார். சரிகை போன்ற நுண்ணிய நூற்பின்னல் வேலையைக் கற்றுக்கொடுத்து, அதன் வருவாயைப் பள்ளிக்குப் பயன்படுத்தினார். அதே வழியை மகள் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். அங்கே பெண்கள் விடுதிப்பள்ளியைத் தொடங்கியவரும் நடத்தியவரும் எலைசாவே. பின்னல் வேலையை அந்த ஊர்ப் பெண்களின் கைக்குக் கொண்டுசேர்த்தவரும் அவரே.

இனி, அந்த வீட்டின் ஒரு வாரத்தைக் கணக்கெடுத்துப் பார்ப்போமா? நாளேடு எதுவும் வேண்டியதில்லை. பள்ளி நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்குப் பொது அறிவே போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மறையுரை. அவை கணவருடையவை. சரி. அவர் சுற்றுவட்டச் சிற்றூர்களுக்குப் பயணம் போகும் நாள்கள் பல. எழுதும் நாள்களும் படிக்கும் நாள்களும் பல. விடுதிப்பள்ளிக்கு அந்த நாள்களில் விடுமுறை உண்டா? விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்குத் திங்களும் பசிக்கும், வியாழனும் பசிக்கும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மருந்து கொடுக்க வேண்டும். இன்னொரு பிள்ளை வீட்டை நினைத்து அழும். மற்றொரு பிள்ளையின் தகப்பனார் வந்து, ‘படித்தது போதும், கலியாணம் பேசிவிட்டோம்’ என்று நிற்பார். பாடம், தையல், கணக்கு, அரிசி, எண்ணெய், விளக்கு. இதற்கிடையில் தம் சொந்தப் பிள்ளைகள், வந்து போகும் விருந்தினர், வாசலில் வந்து நிற்கும் நோயாளிகள். ஏழு நாளில் ஒருநாள் கணவர் பெயரில் நடக்கும் வழிபாடு. ஏழு நாளும் மனைவி கையில் நடக்கும் நிறுவனம். இவற்றுள் எது ‘தொண்டு’, எது ‘குடும்பவேலை’ என்று கோடு கிழித்தவர் யார்?

கோடு கிழித்தவர்கள் சம்பளம் கொடுத்தவர்களே! அக்காலத்து மிசன் சங்கங்கள் ஒருவருக்கு ஊதியம் கொடுத்து இருவரை வேலை வாங்கின. மிசனரியின் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கும். மனைவியின் உழைப்பு அந்தச் சம்பளத்தோடு இலவச இணைப்பு. கால்டுவெல் பணியாற்றிய எசு.பி.ஜி. சங்கம், இந்தியாவில் பெண்கல்வியை முன்னிட்டு 1866இல் மகளிர் அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. அப்போது எலைசா இடையன்குடியில் இருபத்திரண்டு ஆண்டு ஊதியமில்லாமல் உழைத்து முடித்திருந்தார்.

1856இல் இலண்டனில் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் பேரறிவின் பயன். அதில் எனக்கு ஐயமில்லை. தமிழ் வடமொழியின் கிளையன்று, தனிக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதனை மேலைநாட்டு அறிஞருலகம் ஏற்கும்படி நிறுவிய நூல் அது. (அக்கருத்தை 1816இலேயே சென்னையில் எல்லிசு முன்வைத்தார் என்பதையும் நம் மாணவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.) ஆனால், பல மொழிகளின் வேர்ச்சொற்களை ஒருவர் அமர்ந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், அவர் எழுந்து செய்ய வேண்டிய வேலைகளை வேறொருவர் செய்துகொண்டிருக்க வேண்டும் அல்லவா?

அவர்களின் முதுமையைப் பாருங்கள். 1877இல் கால்டுவெல் பேராயராக உயர்த்தப்பட்டபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. அந்த ஆண்டுதான் தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மற்றவர்கள் ஓய்வை எண்ணும் வயதில் இவ்விணையர் பஞ்சத்துக்கு இடையில் நின்றனர். 1847இல் தொடங்கிய இடையன்குடித் தேவாலயம் 1880இல்தான் நிறைவெய்தியது. அதன்பின் 1883இல், எழுபதை நெருங்கும் வயதில், வீட்டைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு மாறினர். வீடு மாறுவதில் உள்ள வேலை யார் தலையில் விழும் என்பதைப் பெண்டிரிடம் கேட்டால் சொல்வர். 1891இல் கால்டுவெல் கொடைக்கானலில் மறைந்தார். இடையன்குடித் தேவாலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டார். எட்டாண்டுகள் கழித்து, 1899இல் எலைசா மறைந்தார். அவரும் இடையன்குடியிலேயே அடங்கினார்.

சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு உலகத்தமிழ் மாநாட்டை ஒட்டிக் கால்டுவெல்லுக்குச் சிலை வைத்தார்கள். 2010இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. எலைசாவுக்கு அந்தக் கடற்கரையில் சிலை இல்லை. நம் பள்ளிச் சுவரொட்டியில் ஒரு வரியும் இல்லை.

இங்கே இரண்டு எதிர்வாதங்கள் எழும் என்று அறிவேன்.

ஒன்று: ‘அந்த அம்மையார் செய்தது சமயப்பணி, கால்டுவெல் செய்தது தமிழ்ப்பணி.’ இது நொண்டிச் சமாதானம். கால்டுவெல்லும் மதம் பரப்பத்தானே வந்தார்? சமயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவருடைய தமிழை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்குத் தெரிகின்றது. மதமாற்ற நோக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, எலைசா பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள ஏன் தெரியவில்லை? இலக்கணம் எழுதினால் மொழித்தொண்டு, அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தால் மொழித்தொண்டு இல்லையா? இந்தக் கேள்விக்குத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாகிய நாமே ‘ஆம், இல்லைதான்’ என்று சொன்னால், நாளை காலை எந்த முகத்தோடு முதலாம் ஆண்டு வகுப்புக்குள் நுழைவது?

இரண்டு: ‘வெள்ளைக்காரர்களைப் புகழ்ந்தது போதாதா, அவர்கள் மனைவியரையும் புகழ வேண்டுமா?’ நான் புகழச் சொல்லவில்லை. கணக்கைச் சரியாக எழுதச் சொல்கின்றேன். சரியாக எழுதினால் குறைகளும் உள்ளே வரும். பனையேறிப் பிழைத்த மக்களைப் பற்றி 1849இல் கால்டுவெல் எழுதிய நூலில் இழிவான கருத்துகள் இருந்தன. அம்மக்களின் வழிவந்தோர் பிற்காலத்தில் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். அதையும் மாணவர் அறியட்டும். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி அதைச் சொல்ல முடியாதா? முடியும். நாம் முயல்வதில்லை.

நம் மேடைகளின் செல்லக் கதையாகிய போப்பையர் கல்லறைக்கு வருகின்றேன். தம்மைத் தமிழ் மாணவர் என்று கல்லறையில் பொறிக்கச் சொன்னார் என்று ஆண்டுதோறும் நா தழுதழுக்க ஒப்பிக்கின்றார்கள். அவர் கல்லறை ஆக்சுபோர்டில் புனித செபுல்கர் இடுகாட்டில் இன்றும் இருக்கின்றது. அதன் படங்களை இணையத்தில் எவரும் பார்க்கலாம். அப்படி ஒரு வாசகமே அதில் கிடையாது! அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழன்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்னும் செய்தி இருக்கின்றது. அதுவே போதுமான பெருமையன்றோ? அந்தக் கல்லறையில் உண்மையாகவே இருப்பவர் ஒருவரை மட்டும் நம் மாணவர்கள் சொல்வதில்லை. 1849இல் போப்பை மணந்து, 1911இல் மறைந்த என்றியேட்டா அம்மையார். இல்லாத வாசகத்தை மனப்பாடம் செய்விக்கின்றோம். இருக்கும் மனைவியை விட்டுவிடுகின்றோம்.

நம் பினாங்கும் இதற்கு விலக்கன்று. சாமுவேல் டயர் 1827இல் மனைவி மரியாவுடன் இத்தீவுக்கு வந்தார். சீன எழுத்துகளுக்கு உலோக அச்சு வார்த்தவர் என்று அச்சுக்கலை வரலாற்றில் அவருக்கு நிலையான இடமுண்டு. அவர் மனைவி மரியா 1842இல் சிங்கப்பூரில் தொடங்கிய பெண்கள் பள்ளி, புனித மார்கரெட் பள்ளி என்னும் பெயரில் இன்றும் நடக்கின்றது. அவர் 1846இல் பினாங்கில் மறைந்தார். பள்ளி நிலைத்ததனால் அவர் பெயரும் நிலைத்தது. பள்ளி மூடப்பட்டிருந்தால் அவரும் ‘டயரின் மனைவி’ என்ற அளவில் நின்றிருப்பார்.

1816இல் பினாங்கு இலவசப் பள்ளியை ஒட்டி இந்நாட்டில் தமிழ்க்கல்வி தொடங்கியதைக் குறிப்பிடும்போதெல்லாம் ஹட்சிங்சு பாதிரியாரின் பெயரைச் சொல்கின்றோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால், அவர் மலாய் விவிலியத்தைத் திருத்தியவர், தமிழறிஞர் அல்லர். அகரம் சொல்லிக்கொடுத்த வாய் வேறு ஒருவருடையது என்பதையாவது பிள்ளைகளிடம் சொல்லலாமே.

இது பழங்கதை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். இன்றைய தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியைகளே மிகுதி. பள்ளி விழா மலரைப் புரட்டுங்கள். முதற்பக்கத்தில் மாலையோடு நிற்பவர்கள் யார்? நான்காம் பக்கத்தின் அடியில், ‘உதவிய அனைவருக்கும் நன்றி’ என்ற ஒரே வரிக்குள் அடங்கிக் கிடப்பவர்கள் யார்? விளையாட்டுப் போட்டி நாளில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நாசி லெமாக் பொட்டலம் கட்டும் அம்மாக்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டக்குறிப்பில் எங்கே இருக்கின்றனர்?

வரும் போட்டிக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களிடம் மூன்று வேண்டுகோள். பழைய கட்டுரையைப் படியெடுத்துக் கொடுக்காதீர்கள். கல்லறைக் கதையை நீக்குங்கள். கால்டுவெல்லைப் பற்றிப் பேசும் மாணவரை, எலைசா மால்ட்டு யார் என்று தேடிவரச் சொல்லுங்கள். நடுவராக அமர்வோர் அதற்கென்று ஐந்து புள்ளிகளை ஒதுக்கி, அதனை முன்கூட்டியே அறிவியுங்கள். புள்ளி உண்டென்றால் நம் பெற்றோர் எப்படியும் தேடிக் கொடுத்துவிடுவார்கள்.