எந்த மாளிகையில் இறக்குவது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறு யந்திரசாலை நடத்தும் அன்பர் ஒருவர் நம்மிடம் யோசனை கேட்டிருக்கிறார். ஷாங்காய் நகரத்து வர்த்தகர் ஒருவர் மூன்று நாள் தங்க வருகிறாராம். "சென்னையில் எந்த ஆடம்பர ஓட்டலில் இறக்கினால் நம் தேசத்துக்குக் கௌரவம்?" என்பது கேள்வி. ஆவடி, பூந்தமல்லி வாசிகளுக்கும் இந்தச் சங்கடம் நேருவதுண்டாகையால் பகிரங்கமாகவே பதில் சொல்லுகிறோம்.

முதலாவது, ஆடம்பரத்தைக் காட்டி ஷாங்காய்க்காரரைப் பிரமிக்கச் செய்ய முடியாது. அவருடைய ஊரில் 1929லேயே விக்டர் ஸஸூன் என்னும் தனவந்தர் காதே ஓட்டலை எழுப்பினார். பாக்தாதிலிருந்து பம்பாயில் குடியேறிய ஸஸூன் குடும்பம், பஞ்சு வியாபாரத்தோடு, நம் நாட்டு அபினியைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்தும் செழித்த குடும்பம். 1934ல் அதே நகரில் இருபது மாடிக்கு மேல் உயர்ந்து நின்ற பார்க் ஓட்டலோ, சீன பாங்குகள் நான்கு கூடி நடத்திய சேமிப்புச் சங்கத்தின் பணத்தில் எழுந்தது. இரண்டிலும் சுகத்துக்குக் குறைவில்லை. ஆனால் இரண்டின் அஸ்திவாரமும் ஒன்றல்ல.

அந்த உரைகல்லைக் கொண்டு நம் ஊர் ஓட்டல்களையும் உரைத்துப் பார்ப்போம். கன்னிமாரா என்றதும் தேசபக்தர் முகம் சுளிக்கலாம். 1886 முதல் 1890 வரை சென்னையை ஆண்ட ஆங்கில கவர்னரின் பெயர் அல்லவா அது! ஆயினும் இன்று அதை நடத்துவது, ஜாம்ஷெட்ஜி டாட்டா ஸ்தாபித்து, 1903ல் பம்பாயில் தாஜ்மஹால் ஓட்டலைத் திறந்த இந்தியக் கம்பெனியே. நுங்கம்பாக்கத்தில் 1974ல் தோன்றிய தாஜ் கோரமண்டலும் அதனுடையதுதான்.

கிண்டியில் 2012ல் திறந்த கிராண்ட் சோழா, அறுநூறு அறைகள் கொண்டது. பெயரைக் கேட்டாலே நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அதைக் கட்டிய ஐ.டி.ஸி., 1910ல் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி என்று பிறந்து சிகரெட்டில் வளர்ந்தது. அதன் ஓட்டல் தொழில் 1975ல் சென்னையில் தொடங்கி, 2025ல் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. ஆக, கவர்னர் பெயருக்குப் பின்னால் சுதேசி முதலும், சோழர் பெயருக்குப் பின்னால் பழைய சீமைக் கம்பெனியும் இருக்கக் காண்கிறோம். பலகையில் எழுதிய பெயரைப் பார்த்துத் தேசபக்தி கொள்ளுவது அவ்வளவு பத்திரமல்ல.

பின் எதைப் பார்ப்பது? விருந்தாளியின் வேலையைத்தான். விமான நிலையத்துக்கும் அம்பத்தூருக்கும் இடையே அவர் அலைய வேண்டுமானால் கிண்டி உசிதம். பாடியிலிருந்து கோயம்பேடு, வடபழனி வழியாக நூறடிச் சாலை அங்கேதான் கொண்டு விடுகிறது. பூந்தமல்லிச் சாலையும் அப்பக்கமே வந்து சேருகிறது. நகரத்தில் பாங்கு, சர்க்கார் அலுவலகம் என்று காரியமிருந்தால் மவுண்ட் ரோடை ஒட்டிய கன்னிமாராவோ, கோரமண்டலோ பொருந்தும். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் வரியும் உண்டு. அன்பர் அதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தொழிலாளிகளுக்குச் சம்பளம் நிலுவையில் இருக்க, விருந்தாளிக்குப் பெரிய அறை பிடிப்பது கௌரவமாகாது. அத்தகைய நிலையில் சுத்தமான நடுத்தர ஓட்டலே மேல்.

இன்னொன்றும் சொல்லுவோம். 1015ல் முதலாம் ராஜராஜ சோழன் அனுப்பிய தூதர்கள் கடல் கடந்து சீனத்துச் சோங் அரசவையை அடைந்தார்கள். அந்தப் பழைய உறவை விருந்தாளிக்கு எடுத்துச் சொல்ல ஓட்டல் சுவர்ச் சித்திரம் வேண்டியதில்லை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே திருமுல்லைவாயில் இருக்கிறது. மாசிலாமணீசுவரர் சந்நிதியின் வெள்ளெருக்கந் தூண்களை ஒரு மாலைப் பொழுதில் அவருக்குக் காட்டலாம். அங்கிருந்து வீட்டுக்கு அழைத்துப் போய் வாழையிலை போட்டு அன்னமிடலாம். இரவு உறங்க எந்த ஓட்டலுக்குப் போனாலும், தமிழ்நாட்டுக்கு வந்தோம் என்பதை அவர் அறிந்தே போவார்.