டான்சிலும் புற்றுநோய் அச்சமும்



என் வகுப்பில் ஒரு மாணவன். மாதந்தோறும் காய்ச்சல், தொண்டை வலி, விடுப்புக் கடிதம். வாசிப்பில் பின்தங்கிவிட்டான். டான்சிலை அகற்றிவிடலாம் என்று மருத்துவர் கூறிவிட்டார். ஆனால், தந்தை தயங்குகிறார். "டான்சில எடுத்தா பின்னால தொண்டையில புத்து வந்துடுமாமே, சார்?" என்று என்னிடம் கேட்டார். பழைய தோட்டத்து உறவினர் ஒருவர் சொன்னாராம்.

முதலில் ஒரு தெளிவு. நம்மவர் பலர் உள்நாக்கையும் டான்சிலையும் ஒன்றென எண்ணுகின்றனர். உள்நாக்கு நடுவில் தொங்குவது. டான்சில் தொண்டையின் இருபுறமும் உள்ள சதை. அது நோய்க்கிருமிகளை எதிர்க்கும் உறுப்புதான். எனினும், அதே பணியைச் செய்யும் திசுக்கள் தொண்டையில் வேறும் உள்ளன.

புற்றுநோய் பற்றிய உண்மை என்ன? டென்மார்க்கின் புற்றுநோய்ப் பதிவேட்டை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், டான்சில் அகற்றப்பட்டவர்களிடம் டான்சில் புற்றுநோய் குறைவாகவே காணப்பட்டது. தொண்டையின் மற்றப் பகுதிகளில் அத்தகைய குறைவு இல்லை. ஆகவே, புற்றுநோயைத் தடுப்பதற்காக டான்சிலை எடுக்க வேண்டியதில்லை. புற்றுநோய்க்கு அஞ்சி எடுக்காமல் இருக்கவும் வேண்டியதில்லை.

எப்போது எடுக்கலாம்? ஓராண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து ஈராண்டுகள் ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூவாண்டுகள் ஆண்டுக்கு 3 முறை கடுமையான தொண்டை அழற்சி வந்தால் மருத்துவர்கள் பரிசீலிப்பர். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் ஒரு காரணம். அறுவைக்குப்பின் இரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதால் அவசரமும் கூடாது. அரசு கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் பெற்று, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ஐயங்களைக் கேளுங்கள்.

என்னை வருத்துவது வேறொன்று. அதே தந்தை பள்ளி வாசலில் சிகரெட்டுடன் நிற்கிறார். பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்குப் புகையிலை வாங்கி வருபவன் அந்தச் சிறுவனே! பால்மரம் சீவிய காலத்தில் வெற்றிலை களைப்புக்குத் துணையாக இருந்திருக்கலாம். ஆனால், புகையிலை கலந்த வெற்றிலைப்பாக்கு புற்றுநோய் தரும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இலேயே அறிவித்தது. பாக்கு மட்டுமே போதும் என்று 2004இல் வெளியிட்டது. சிகரெட், மது, எச்.பி.வி. கிருமி ஆகியவையும் தொண்டைப் புற்றுநோய்க்குக் காரணங்கள்.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல், அஞ்ச வேண்டாததற்கு அஞ்சிப் பிள்ளையின் கல்வியை இழக்கலாமா? ஆசிரியர்களே, அடிக்கடி தொண்டை வலியால் விடுப்பு எடுக்கும் மாணவரின் வருகைப் பதிவைப் பெற்றோரிடம் காட்டுங்கள். மருத்துவருக்கு அது பயன்படும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.