எரிந்ததா, எரித்ததா?

முடி நீக்கிய இடம் சிவந்து தடித்துவிட்டது என்று முறையிடும் பெண்ணுக்குக் கொண்டாப்பூரின் அழகு நிலையங்களில் ஆயத்தமாக ஒரு விடை உண்டு: ‘உங்களுக்கு சென்சிடிவ் ஸ்கின், மேடம்.’ என் விடுதித் தோழியர் மூவர் வெவ்வேறு நிலையங்களில் இதே தொடரைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார்கள். மொழியியல் படித்தவள் என்ற முறையில் இத்தொடரின் மீது எனக்கு வழக்கு உண்டு.

தமிழில் ‘எரிந்தது’ தன்வினை, ‘எரித்தது’ பிறவினை. பிறவினைக்கு எரித்த பொருள் ஒன்று எழுவாயாக வேண்டும்: அளவுக்கு மீறிச் சூடேறிய மெழுகு, குறித்த நேரம் கடந்தும் துடைக்கப்படாத களிம்பு, தோலின் நிறத்துக்கு ஒவ்வாத லேசர். ‘சென்சிடிவ் ஸ்கின்’ என்றவுடன் அந்த எழுவாய் மறைந்துபோகிறது. நிகழ்ந்த வினை, வாடிக்கையாளர் பிறக்கும்போதே கொண்டுவந்த பண்பாக மாறிவிடுகிறது. காசு கொடுத்துச் சுட்டுக்கொண்டவளே குற்றவாளி!

அத்தகைய தோல் இல்லவே இல்லை என்று நான் வாதிடவில்லை. அரிப்பு பற்றி ஆராயும் பன்னாட்டு மன்றத்தின் நிபுணர் குழு 2017இல் அதற்கு வரையறை வகுத்தது. இயல்பாகத் தொல்லை தரக்கூடாத தூண்டல்களுக்கும் எரிச்சல், குத்தல், அரிப்பு, வலி முதலியன தோன்றும் நிலை என்பது அதன் சாரம். ‘தரக்கூடாத’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். முடி நீக்கும் களிம்பில் இருப்பது தயோகிளைகோலேட். அதன் பிஎச் அளவு 12ஐ ஒட்டியது. நம் தோலின் மேற்பரப்போ ஏறத்தாழ 5. முடியின் கெரட்டினைக் கரைக்கும் அந்தக் காரம், அதே கெரட்டினால் ஆன மேல்தோலை மட்டும் தொடாமல் விட்டுவிடுமா? மெழுகும் முடியோடு மேல்தோலின் மெல்லிய படலத்தைப் பிய்த்தெடுத்துத்தான் வருகிறது. இவற்றால் எரிச்சல் வருவது எதிர்பார்க்கத்தக்கதே. நோய்ப்பெயர் சூட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

லேசரின் கதை இன்னும் மோசம். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் தோல்வகைப் பகுப்பு 1975இல் வெள்ளைத் தோலுக்காக நான்கு வகைகளோடு தொடங்கியது. பழுப்பும் கறுப்பும் பின்னர் ஐந்தாகவும் ஆறாகவும் சேர்க்கப்பட்டன. லேசர் தேடிச் செல்வது மெலனினை. கறுத்த தோலில் மெலனின் முடிவேரில் மட்டுமன்றி மேல்தோலிலும் நிறைந்திருப்பதால் வெப்பம் அங்கும் தங்குகிறது. ஆகவேதான் நம்மைப் போன்றோருக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி:யாக் கருவி ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது என்கிறார்கள். பணம் கட்டுமுன் ‘எந்த அலைநீளம்?’ என்று கேளுங்கள். புண்ணானபின் நம்மிடம் எஞ்சுவது பல மாதம் நீடிக்கும் கருந்தழும்பு. அதற்கு அதே நிலையம் வெளுப்புக் களிம்பு விற்கும்.

‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்ற சொல்லையும் நம்பிவிட வேண்டாம். சோதனைச் சான்று இருந்தால்தான் அதை எழுதலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1975இல் விதி செய்தது. நிறுவனங்கள் வழக்காடி 1977இல் அவ்விதியை வீழ்த்தின.

‘முடி நீக்குவதே ஆணாதிக்கம் இட்ட கட்டளை, அதற்கு மருந்து எதற்கு?’ என்று கருத்தரங்கத் தோழர்கள் கேட்பார்கள். கட்டளைதான், மறுக்கவில்லை. ஆனால் நாளை காலை வகுப்புக்குப் போக வேண்டியவளின் மேலுதட்டுக் காந்தலை அந்தக் கோட்பாடு தணிக்காது. குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணி தணிக்கும். மணமில்லாத ஈரப்பசைக் களிம்போ வெறும் பெட்ரோலியம் ஜெல்லியோ போதும். ஒரு நாளாவது வெந்நீர், உடற்பயிற்சி வியர்வை, இறுக்கமான உடை, வாசனைத் தெளிப்பு கூடாது. சில நாள் தேய்க்கவோ சொறியவோ கூடாது. வெயிலில் போனால் சன்ஸ்கிரீன் வேண்டும். ரெட்டினால், பழ அமிலக் களிம்புகளைச் சில நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்பவர் மெழுகின் பக்கமே போகலாகாது; தோல் உரிந்துவிடும். கொப்புளமோ சீழோ கண்டால் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பாட்டி வைத்தியத்துக்கும் இங்கே விலக்கில்லை. எலுமிச்சைச்சாறு பட்ட தோல் வெயிலில் வெந்து கறுக்கும். மஞ்சளே சிலருக்கு ஒவ்வாமை தரும். முற்காலத்தில் முடி நீக்கப் பூசியது அரிதாரமும் சுண்ணாம்பும் கலந்த குழைவு. அரிதாரம் ஆர்சனிக் கனிமம். அதுவும் ‘இயற்கை’தான்.

இனி நம் துறைக்கு உரியது. முன்கூட்டியே சிறு இடத்தில் பூசி 24 மணி நேரம் பாருங்கள் என்ற எச்சரிக்கையை என் கையிலிருக்கும் களிம்புக்குழாய் ஆங்கிலத்தில், எறும்பளவு எழுத்தில் சொல்கிறது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, உறையில் கட்டாயமாக இடம்பெற வேண்டிய அறிவிப்புகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். தெலுங்கும் தமிழும் உருதுவும் விருப்பத்துக்கு விடப்பட்டவை. மொழியுரிமை பற்றி ஆண்டுதோறும் கட்டுரை வாசிக்கும் நாம், குளியலறை அலமாரியில் நிற்கும் இந்த உறையை ஒருநாளும் தரவாக எடுத்துக்கொண்டதில்லை.

கொண்டாப்பூர், கச்சிபௌலி மகளிர் விடுதிகளில் ஒட்டுவதற்காகத் தெலுங்குத் தோழி ஒருத்தியும் நானும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வருகிறோம். விளம்பரங்கள் வார்த்துத் தந்த ‘உணர்திறன் மிக்க சருமம்’ அதில் இராது. தமிழில் எரிச்சல், காந்தல், அரிப்பு, நமைச்சல், தடிப்பு என்று எழுதியாயிற்று. தெலுங்கில் ‘மண்ட’, ‘துரத’ வரை வந்திருக்கிறோம். காந்தலை எரிச்சலிலிருந்து பிரித்துக் காட்டும் தெலுங்குச் சொல் இன்னும் கிட்டவில்லை. உருதுப் பகுதியைத் தொடங்கவேயில்லை. தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். வரும் ஞாயிறன்று அச்சுக்குக் கொடுக்கிறோம்.