சர்க்கரையில் ஒரு செங்காந்தள்

தமிழ்த்துறையைச் சேர்ந்த நாங்கள் இருவர் கேக்கின் மேல் வைக்கும் சர்க்கரைப் பூக்களைச் செய்யக் கற்கப் போகிறோம் என்றதும் துறையில் சிரிப்பு எழுந்தது. "அச்சில் அழுத்தினால் ஒரு நிமிடத்தில் பூ வந்துவிடுமே, இதற்கு ஒரு வகுப்பா?" என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். அவருக்கான மறுமொழியே இக்கட்டுரை.

ஐசிங் சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, டைலோஸ் எனும் பசைத்தூள் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்தால் மாவு தயார். கீழே வைத்த தாளின் எழுத்து தெரியுமளவு அதை மெல்லியதாகத் தேய்த்து, இதழ்களாக வெட்டி, பஞ்சுப் பலகையில் வைத்து உருண்டைமுனைக் கருவியால் ஓரங்களை நீவ வேண்டும். மூடாமல் விட்ட மாவு சில நிமிடங்களில் காய்ந்து வெடிக்கும். காய்ந்து முடிந்த பூவோ மழைநாளின் ஈரக்காற்றில் துவண்டுவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே வேலை செய்யும் பொறுமையே முதற்பாடம்.

வகுப்பில் ரோஜாவும் பியோனியும் கற்றோம். அழகாகவே வந்தன. ஆயினும் அவை வெட்டச்சு அறிந்த பூக்களே. நாங்கள் அறிந்தவை அல்ல. அப்போதுதான் செங்காந்தள் செய்யும் ஆசை பிறந்தது. நாங்கள் தேடிய கடைகளில் அதற்கு வெட்டச்சு இல்லை. சரி, நாமே தாளில் வரைந்து வெட்டுவோம் என்று அமர்ந்தபோது, இதழ்கள் எத்தனை என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டைப் பல்லாண்டுகளாக நடத்துகிறோம். அதன் 99 பூக்களின் பட்டியலில் முதலில் நிற்பது செங்காந்தளே. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லி மதிப்பெண் இட்ட நாங்கள், அப்பூவை ஒருமுறையும் நின்று பார்த்ததில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

கார்த்திகையில் ஒரு வேலியோரம் தேடிச் சென்று பார்த்தோம். இதழ்கள் ஆறு, ஓரங்கள் நெளிநெளியாக, பின்னோக்கி வளைந்தவை. பூ தலை கவிழ்ந்து நிற்கிறது. சூலகத்தண்டு பக்கவாட்டில் மடங்கி நீள்கிறது. மஞ்சளும் சிவப்புமாய் விரிந்த பூ, முதிர முதிரச் செம்மை மிகுகிறது. ஒவ்வோர் இதழையும் கம்பியில் ஏற்றி வளைக்கையில் மூன்று பூக்கள் உடைந்தன, நான்காவது நின்றது. கொல்சிசின் எனும் நஞ்சுள்ள செடியாதலால் மெய்யான காந்தளைக் கேக்கின்மேல் வைக்கலாகாது. சர்க்கரைக் காந்தளை வைக்கலாம். கம்பி மட்டும் கேக்கைத் தொடாதபடி சிறு குழலில் செருக வேண்டும்.

இலக்கியம் பயில்வோர் அனைவரும் சர்க்கரை பிசைய வேண்டும் என்பது எமது வாதமன்று. பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கும் கைவேலை, நாவு மட்டும் அறிந்ததைக் கண்ணுக்கும் அறிவிக்கக்கூடும் என்பதே. அச்சுப்பூவில் அது வாய்க்காது. ஏனெனில் பார்க்கும் வேலையை அங்கே அச்சு செய்த எவரோ முன்னரே முடித்துவிட்டார்.

இவ்வாண்டு குறிஞ்சிப்பாட்டைத் தொடங்குமுன் அந்தக் காந்தளை மேசைமேல் வைத்தோம். "இதழெல்லாம் ஏன் அம்மா பின்னால வளைஞ்சிருக்கு?" என்று கேட்டாள் ஒரு மாணவி. அந்தப் பாடத்தில் எங்களிடம் எவரும் கேட்ட முதற்கேள்வி அது. விடை தெரியாமல், வகுப்பு முழுவதையும் தாவரவியல் துறைக்கு அழைத்துச் சென்றோம்.