பெயரும் படிவமும்

கருவிக்குப் பெயர் வைப்பதும் ஒரு காரியமா என்று நம் ஆராய்ச்சி மாணவர்கள் நகைக்கலாம். முனிர்காவின் அறைகளில் இரவெல்லாம் விழித்திருந்து, ஆய்வுக்கூடக் கருவிகளுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதும் நண்பர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கே இதனை எழுதுகிறேன்.

லினக்ஸ் கர்னலில் கருவிக்குப் பெயர் சூட்டுவது டெவ்_செட்_நேம் என்னும் ஃபங்ஷன். அது முதலில் கருவியைக் கேட்கும். அடுத்து ஒரு படிவத்தைக் கேட்கும். அதன்பின் எத்தனை ஆர்க்யூமெண்டுகள் வேண்டுமாயினும் கொடுக்கலாம். எத்தனை கொடுத்தோம் என்று எண்ணிப் பார்க்க அதற்கு வழியில்லை. படிவத்திலுள்ள % குறிகளை நம்பி அத்தனையையும் எடுக்கும். கொடுக்காவிடின்? ரிஜிஸ்டரிலோ ஸ்டாக்கிலோ அவ்வேளை கிடப்பதை எடுத்துக்கொள்ளும்! இவ்வூர்ப் படிவங்கள் முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டம் காட்டி, ஒற்றைப் பெயருடைய தமிழரிடம் தந்தை பெயரையும் ஊர்ப்பெயரையும் பிடுங்கி நிரப்பிக்கொள்வதை நாம் அறியோமா? ஏறக்குறைய அதே கதைதான்.

பெயரையே படிவத்தின் இடத்தில் வைத்துவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. நாமே எழுதிய நிலையான சொல்லாயின் தீங்கில்லை. வெளியிலிருந்து வரும் பெயராயின்? ஈரப்பதமானி ஒன்றின் பெயரில் ஒரு % குறி இருந்தால் போதும். பகைவன் எவனும் வேண்டியதில்லை. "%எஸ்" என்பதைப் படிவமாகத் தந்து, பெயரை அதன்பின் ஆர்க்யூமெண்டாகத் தருவதே முறை.

இது வெறுங் கற்பனையன்று. வட்டுகளைப் பதிவு செய்யும் ரிஜிஸ்டர்_டிஸ்க் என்னும் ஃபங்ஷன், வட்டின் பெயரை அப்படியே படிவமாகக் கொடுத்து வந்தது. எம்டி என்னும் ரெய்டு வட்டுக்கு % குறிகள் அமைந்த பெயர் வைத்துக் கர்னலின் அதிகாரத்தையே கைப்பற்றலாம் என்பது 2013இல் வெளிப்பட்டது. சி.வி.இ-2013-2851 என்பது அக்குறையின் எண். திருத்தம் எவ்வளவு தெரியுமா? இடையே ஒரு "%எஸ்"!

"அப்பெயர் வைக்க ரூட் உரிமை வேண்டுமே, ரூட் ஆனவனுக்கு எதுதான் தடை?" என்பர் சிலர். நான் உடன்படேன். ரூட்டுக்கும் கர்னலுக்கும் இடையே இன்று வேண்டுமென்றே வேலி போடுகிறார்கள். 2019இல் வந்த 5.4 கர்னலில் லாக்டவுன் என்னும் காப்பு சேர்ந்ததும் அதற்காகவே. "கம்பைலர் எச்சரிக்குமே" என்பர் வேறு சிலர். கர்னலைத் தொகுக்கையில் அந்த எச்சரிக்கையை நெடுங்காலமாக அணைத்தே வைத்து வந்துள்ளனர். நம் டிரைவரின் மேக்ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் அது மீண்டும் விழித்துக்கொள்ளும்.

தாமே ஃபங்ஷன் எழுதி ஆர்க்யூமெண்டுகளை அதன்வழி அனுப்புவோர்க்கு இன்னொரு சொல். விஏ_லிஸ்டை ஒருமுறை படித்தபின் அப்படியே மறுமுறை படிக்கலாகாது. முன்னமே விஏ_காப்பி கொண்டு படியெடுத்தல் வேண்டும். கர்னலும் பெயரின் நீளத்தை அளக்க ஒருமுறை, எழுத ஒருமுறை என்று படிப்பதால் அவ்வாறே செய்கிறது.

ஒரே கணினியில் நால்வர் அளவீடு எடுக்கும் ஆய்வுக்கூடங்கள் நம்முடையவை. சாதாரண நிரல் வீழ்ந்தால் அது மட்டும் வீழும். கர்னல் வீழ்ந்தால் நால்வரின் இரவும் வீணாகும். எனவே, பிறர் ஒருவர் படித்துப் பாராத டிரைவரைப் பொதுக் கணினியில் ஏற்றுவதில்லை என்று நம் சங்கத்து விஞ்ஞான மாணவர்கள் தமக்குள் விதி செய்துகொள்ளல் வேண்டும். படிப்பவர் முதலில் தேடவேண்டியது டெவ்_செட்_நேம் வரியை.